பாண்டிருப்பும் வட்டத்துக்குள்ளதான்

செப். 22, திங்கள்
கச்சான் காத்து. மேசையெல்லாம் மண். உயர்தரப் பிள்ளைகளோட சமாதான வட்டம். அணுகுண்டு ஒழிப்பு நாள் 26, வெள்ளி. அண்டைக்கு எங்கட ஸ்கூல் லீவு, அதால வியாழனே நிகழ்ச்சி. கல்முனைச் சந்தையில குண்டு விழுந்தா எதுவரைக்கும் அழியும் எண்டு ரிஃப்கா வரைபடத்தில வட்டம் கீறினா. "டீச்சர், பாண்டிருப்பும் இதுக்குள்ளதான். அந்த ஸ்கூல் பிள்ளைகளையும் கூப்பிடுவமே?" எல்லாரும் ஓம் எண்டாங்க. வசந்தி டீச்சர்ட்டக் கேக்கிறன் எண்டன்.

வசந்தி பாண்டிருப்புத் தமிழ் ஸ்கூல்லதான் படிப்பிக்கிற. பயிற்சிக் கல்லூரியில ஒரு பார்சல் சோத்தை ரெண்டு பேரும் பிரிச்சுத் திண்டவங்க. நோன்பு மாசம் அவட அப்பா செத்த நேரம் நான் போகல்ல. நோன்பு, களைப்பு, நாளைக்கு நாளைக்கு எண்டு. முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் முடிஞ்சிட்டு. செத்த வீட்டுக்குப் போகாத முகத்தோட இப்ப என்னெண்டு உதவி கேக்கிற?

செப். 23, செவ்வாய்
வாங்க வேண்டியது: கலர் பேப்பர், பசை, சின்னவனுக்குச் செருப்பு.
ஃபோனை எடுத்தன். வச்சன். திரும்பவும் எடுத்தன்.
ஸ்கூல்ல ரிஃப்கா வழி மறிச்சு, "கேட்டீங்களா டீச்சர்?"
"கேட்டன். வரேலாதாம்."
வாய் தானாச் சொல்லிட்டு. பக்கத்தில நின்ட நுஸ்ரத்: "அவங்களுக்கு எங்களோட சேர விருப்பமில்ல டீச்சர். உம்மா எப்பவும் சொல்றதான்." நான் வகுப்புக்குப் போயிட்டன். அஸ்தஃபிருல்லாஹ். சமாதானம் படிப்பிக்கிறனாம்.

செப். 25, வியாழன்
நிகழ்ச்சி நல்லம். அதிபருக்குச் சந்தோசம், படமெல்லாம் எடுத்தார். ரிஃப்கா மட்டும் பேச்சில பாண்டிருப்பு வாற இடத்தை விட்டுட்டா. ஏன் மகள் எண்டன். "வராதவங்களை என்னத்துக்கு டீச்சர்?"


செப். 26, வெள்ளி
ஆம்பிளையள் ஜும்ஆவுக்கு. மீன் பொரிக்கக்குள்ள வசந்தி ஃபோன் எடுத்தா. நேத்து டியூசன்ல எங்கட பிள்ளைகள், ஏன் வரல்ல எண்டு அவட பிள்ளைகளைக் கேட்டிருக்காங்க. அதுகள் காலையில போய் இவட்டக் கேட்டிருக்கு.
நான் கேக்கவே இல்லயெண்டு வசந்தி காட்டிக் குடுக்கல்ல.
"சோதனை நேரம், நான்தான் ஏலாதெண்டன் எண்டு சொல்லிட்டன். நீங்களும் அப்படியே சொல்லுங்க. பிள்ளைகளுக்கு முன்னால உங்கள்ற பேர் கெடப்படாதுதானே."
அவட அப்பாட மௌத்துக்கு நான் போகாததைப் பத்தி ஒரு சொல் இல்ல. ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன்.
மீன் கருகிட்டு. ரிஃப்காட உம்மாட ஃபோனுக்கு எடுத்து, ரிஃப்காட்டக் குடுங்க எண்டன். "நான் பாண்டிருப்பில கேக்கவே இல்ல மகள். பொய் சொன்னது நான்தான்" எண்டன்.
ரிஃப்கா கேட்டா:
"அப்ப, 'நான் சொன்னன்தானே' எண்டு திரியிற நுஸ்ரத்ட உம்மாவுக்கு ஆரு டீச்சர் சொல்ற?"