பச்சைக் காரை விற்றவன்

இன்று மத்தியானம் ஆபீஸ் வாசலில் வக்கீல் ஒருவர் தம் காரில் என்னை ஏற்றிக்கொண்டார். வெயிலில் வெகுநேரம் நின்றிருந்த வண்டி. கதவைத் திறந்ததும் சூடேறிய தோல் சீட்டின் வாசனை மூக்கில் ஏறியது. வீடு வரும்வரை அவர் ஏதோ பாகப்பிரிவினை வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஊம் கொட்டியபடி, மனதுக்குள் உன் பழைய காரில் உன் பக்கத்தில் உட்கார்ந்து திருக்கழுக்குன்றம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

நாம் மாமல்லபுரம் போய்வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எது நடந்தது, எது நான் தூக்கத்தில் கண்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில் தூங்கி விழுவேன். பெண்டாட்டி கார் ஓட்ட, உட்கார்ந்து போகிற புருஷன் செங்கல்பட்டில் நான் ஒருவன்தான். ஊர் நம் இருவரையும் பார்த்துச் சிரித்தது, என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக. கண் விழிக்கும்போதெல்லாம் சவுக்குத் தோப்பின் நிழல் உன் முகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காற்றில் உப்பு ஏறியிருக்கும். மாமல்லபுரம் வந்துவிட்டதா என்பேன். "இன்னும் இல்லைங்க, தூங்குங்க" என்பாய். நானும் தூங்கிவிடுவேன்.

பிரசவம் பார்க்கும் டாக்டரான உன் பெயர் கரையோரக் குப்பங்களில் பலருக்குத் தெரியாது. உன் பழைய பச்சைக் காரைத் தெரியும். நோவு கண்டால் படகில் கால்வாயைத் தாண்டி வந்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் காத்திருப்பார்கள். தூரத்தில் பச்சை தெரிந்ததும் எழுந்து கையைத் தூக்குவார்கள். கை தூக்கினால் நிற்பாய், இல்லையென்றால் போய்விடுவாய். யாரும் எழுதிவைக்காத ஏற்பாடு. நானோ பத்திரப் பதிவு ஆபீஸ் குமாஸ்தா. எழுதிவைக்காத எதுவும் என் கண்ணில் படாது.

வண்டிக்கு வயதாகிவிட்டது. பாதி வழியிலேயே கொதித்து நின்றுவிடும். சென்னையில் ஒரு கம்பெனியில் சாம்பல் நிறக் கார் ஒன்று, அதிகம் ஓடாதது, விலைக்கு இருந்தது. பழையதை அவர்களே எடுத்துக்கொண்டு மீதியை மட்டும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் பச்சைக்கு அவர்கள் சொன்ன விலை பழைய இரும்புக்குச் சொல்கிற விலை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திருக்கழுக்குன்றத்துச் சவுக்கு வியாபாரி ஒருவர் நல்ல விலை கொடுக்கத் தயாராக இருந்தார்.

"கம்பெனிக்கே குடுத்துடலாங்க. அந்த வியாபாரியும் அதே ரோட்டுலதான போவாரு. ஜனங்க வண்டியப் பார்த்துத்தான் எழுந்து வருவாங்க. அது மெட்ராஸ் பக்கம் போயிட்டா நல்லது" என்றாய்.

"அப்படின்னா தண்டோரா போட்டுடலாம், டாக்டரம்மா கார் மாத்திட்டாங்கன்னு" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. வாதாடவும் இல்லை. வியாபாரிக்கு விற்பனைப் பத்திரத்தை நானே எழுதினேன். என் கையெழுத்து அன்று வெகு அழகாக விழுந்தது.

மூன்றாவது வாரம் அது நடந்தது. காலையில் நீ மட்டும் சாம்பல் காரில் மாமல்லபுரம் போனாய். புளியமரத்தடியில் இருவர் குந்தியிருந்ததைப் பார்த்தாயாம். கை தூக்கவில்லை, பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நினைத்துப் போய்விட்டாய். மத்தியானம் திரும்பும்போதும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அப்போதும் கை தூக்கவில்லை. நோவெடுத்த பெண் கரைக்குக் கீழே படகில் படுத்திருந்தது ரோட்டிலிருந்து தெரியவில்லை. சாயங்காலம் பச்சைக் கார் வந்தது. எழுந்து ஓடிப்போய் மறித்தார்கள். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சவுக்கு வியாபாரி விழித்துக்கொண்டார்.

நல்ல மனுஷன். வண்டியைத் திருப்பச் சொல்லி, அந்தப் பெண்ணை நேரே உன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வராந்தாவில் உனக்குக் காபி எடுத்து வந்து நின்றிருந்த என்னிடம், "இன்னா சார், வண்டியோட அம்மாவத் தேடற ஜனத்தையும் சேத்து வித்துட்டீங்களே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

நீ வெளியே வந்ததும் அவள் புருஷன் எழுந்தான். அவன் சட்டையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. "பச்ச வண்டி வரும்னு குந்திகினே இருந்தோம்மா. சாம்பல் வண்டி ஒண்ணு ரெண்டு தபா போச்சி. அதுல போனது நீதானா?"

"நான்தான்ப்பா. வண்டிய மாத்திட்டு உங்ககிட்ட சொல்லாம விட்டது என் தப்பு."

நான் ஒரு எட்டுத் தூரத்தில், கையில் காபி கூஜாவோடு, வாயைத் திறக்காமல் நின்றேன்.

அன்று நீ என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் ஒப்புக்கொள்ளலாம். நீ ரசம் ஊற்றினாய், இன்னும் கொஞ்சம் சாதம் வேண்டுமா என்று கேட்டாய். அடுத்த ஞாயிறு முதல் ஒவ்வொரு குப்பத்திலும் இறங்கி, சாம்பல் காரைத் தட்டிக் காட்டி, இனி இதுதான் என் வண்டி என்று சொல்லிக்கொண்டே போனாய். பெண்கள் வந்து அதன் கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் வண்டிக்குள்ளேயே தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை.

நீ காய்ச்சலில் போய் இரண்டு வருஷமாகிறது. சாம்பல் காரை அந்தக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டேன். அவர்கள் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை. போன மாதம் பஸ்ஸில் போய்ப் புளியமரத்தடியில் இறங்கினேன். பிள்ளையை இழந்த அந்தப் புருஷனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தான். அவன் பெண்ஜாதி, இடுப்பில் ஒரு குழந்தையோடு, எனக்கு மோர் கொண்டுவந்தாள். பச்சை வண்டியை அந்த வியாபாரிக்கு விற்றது நான்தான், வேண்டாம் என்று நீ சொல்லியும் விற்றேன் என்று அவனிடம் சொன்னேன்.

அவன் வலையைக் கீழே போட்டான். "அன்னிக்கே தெரியும் சாரு. அம்மா தப்பு தன்னுதுன்னு சொல்லச்சொல்ல நீ தரையவே பாத்துகினு நின்ன."

பிறகு கேட்டான்:

"அம்மாகிட்ட ஒத்துக்கினியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"மொதல்ல அத்த அம்மாகிட்ட சொல்லு" என்று வலையை எடுத்துக்கொண்டான்.

கம்பெனிக்கே கொடுக்கச் சொன்னவள் நீ. கேட்காமல் விற்றவன் நான். அந்தப் பிள்ளை போனது என்னால். பழியை நீ ஏற்றுக்கொண்டபோது, ஏற்கட்டும் என்று பேசாமல் நின்றவனும் நான்தான்.