அக்கா வீட்டுக் கரை

மார்ச் 4, செவ்வாய்

ஆபீஸ் வந்ததும் படகுத்துறைப் பலகையில் இன்றைய நேரங்களை எழுதினேன். தண்ணீர் எப்போது ஏறி நிற்கும், எப்போது இறங்கி நிற்கும். பதினாறு வருஷமாக இதே வேலை. பிறகு பைனாகுலரை எடுத்து எதிர்க்கரையில் அக்கா வீட்டைப் பார்த்தேன். இது மூன்று வருஷமாக.

கடல் இங்கே ஊருக்குள் குறுகலாக நுழைந்து ரயில் பாலத்தடியில் முடிகிறது. உப்பங்கழியின் இந்தப் பக்கம் ஆழம். துறை, ஐஸ் கிடங்கு, ஆபீஸ், அதன் பின்னால் என் வீடு. அந்தப் பக்கம் மாடி வீடுகள், அவற்றின் கொல்லையில் இறங்கினால் சேறு. நடுவில் நானூறு மீட்டர் தண்ணீர். பஸ்ஸில் சுற்றிப் போனால் பதினோரு கிலோமீட்டர்.

கொடியில் கனத்த நீலப் போர்வை. தானே பிழிந்து உதறிப் போட்டிருக்கிறாள். முதுகுவலி தேவலையாகியிருக்கும்.

"கப்பல் பாக்கக் குடுத்த பைனாகுலர்ல நீ கொடியில காயுற துணியப் பாக்குறே" என்கிறார் என் வீட்டுக்காரர். பார்த்தால் என்னவாம்?

மார்ச் 7, வெள்ளி

அக்கா வீட்டு மாடியில் பலகை கட்டியிருக்கிறார்கள். "விற்பனைக்கு."

எட்டுப் பேர் ஏறினாலே திணறுகிற படகை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓட்டுகிறவருக்குக் கேப்டன் என்று பெயர். அவருக்குத் தெரியாத வீட்டு விஷயம் இந்தக் கழியில் இல்லை. "பையன்கிட்டயே போய் இருக்கப் போறாங்களாம்மா. பிளேன்ல போற தூரம்" என்றார். உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்க வந்து, வாயை மூடிக்கொண்டார். நல்ல மனுஷன்.

போய்விடுவாளா? என்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே?

மார்ச் 8, சனி

தூக்கம் வரவில்லை. எழுதியாவது தீர்க்கிறேன்.

அம்மா என் வீட்டில்தான் இருந்தாள். அக்கா தினமும் கேப்டன் படகில் வந்து போவாள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே அம்மா முகம் மலரும். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்தது எல்லாம் நான். மலர்ச்சி மட்டும் அவளுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்தேன். வந்தவள் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏண்டி, முன்னாடியே ஒரு போன் பண்ண உனக்கு விரல் வரலையா?"

"திடீர்னு ஆயிடுச்சுக்கா" என்றேன்.

பொய். ஒரு மணி நேரம் இருந்தது. அவளுக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

பஸ்ஸில் போனேன். அக்கா வீட்டு கேட் வரைக்கும். திரும்பி வந்துவிட்டேன். இது மூன்றாவது தடவை. தூ.

மார்ச் 21, வெள்ளி

வீடு விற்றாகிவிட்டது. மாசக் கடைசியில் கிளம்புகிறாள்.

"முன்வாசல்ல போனாத்தானே கதவச் சாத்துவாங்க? பின்பக்கம் தண்ணி வழியாப் போங்க. கொல்லையில என்னத்தச் சாத்துவாங்க?" என்றார் கேப்டன். அவருடைய சின்னத் துடுப்புப் படகைத் தருகிறாராம். நாளை மதியம், ஆபீஸ் முடிந்ததும்.

மார்ச் 23, ஞாயிறு

மானம் கப்பலேறியது நேற்று. அதையும் எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் ஏறி நிற்பது பதினொரு மணி என்று பலகையில் எழுதியிருந்தேன். அது இன்றைய நேரம்! ஏற்ற இறக்க நேரம் போட்ட புத்தகத்தில் ஒரு வரி தள்ளிப் பார்த்துத் தொலைத்திருக்கிறேன். நேற்று பத்து மணி பத்து நிமிஷத்துக்கே ஏறி நின்று, இறங்கத் தொடங்கிவிட்டது. அது தெரியாமல், ஒன்றரை வரை கொல்லைப் பக்கம் தண்ணீர் இருக்கும் என்று நம்பி, ஒரு மணிக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டு போகிறேன். அக்கா வீட்டுக் கொல்லைக்கு முப்பதடி இருக்கும்போது படகு சேற்றில் உட்கார்ந்தது. துடுப்பால் தள்ளினால் துடுப்பு புதைகிறது. இறங்கினால் இடுப்பு வரை போகும். இனி சாயங்காலம் ஏழரைக்குத்தான் தண்ணீர் படகைத் தூக்கும். ஊருக்கே நேரம் எழுதுகிற மகராசி!

துணி எடுக்க வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"யாரது? ...நீயா?"

"நான்தான்."

"அங்க என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன்."

சட்டென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "உன்ன நம்பித்தான் இந்த ஊர்ல படகு விடுறாங்களா? விளங்கிடும்." உள்ளே போய்த் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து எறிந்தாள். முதல் பாட்டில் சேற்றில் விழுந்தது, இரண்டாவது படகில். நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூன்று வருஷம் கழித்து, அவள் நரைமுடியைப் பைனாகுலர் இல்லாமல் பார்த்தேன். எவ்வளவு நரை!

வெகு நேரம் கழித்துக் கேட்டாள். கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. மாடிகளில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அம்மா கடைசியில என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கக்கா. நான்தான் உனக்குப் போன் பண்ணல."

"ஏன்?"

"அந்த நேரமாவது அம்மா என்னை மட்டும் பாக்கட்டும்னு இருந்துட்டேன்."

அக்கா எழுந்தாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். கொல்லைக்கும் கதவு இருக்கிறது.

ஏழரை வரை அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 31, திங்கள்

வேன் வந்து சாமான் ஏற்றிப் போனதாம். கேப்டன்தான் சொன்னார்.

ஏப்ரல் 12, சனி

அந்தக் கொடியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டைகள். நாலு சட்டை, ஒரு துண்டு. எனக்கு இனி அங்கே என்ன வேலை? ஆனாலும் கண் போகிறது. அக்கா, நீ இருந்துகொண்டு பேசாமல் இருந்தாயே, அதுகூடப் போதும் போலிருக்கிறதே இப்போது.

மே 18, ஞாயிறு

மதியம் போன். தெரியாத நம்பர்.

"நான்தான்" என்றாள் அக்கா. நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. "அம்மா என்னன்னு கேட்டாங்க? அப்படியே சொல்லு. நீயா எதுவும் சேத்துக்காதே."

"மொதல்ல, 'பெரியவ எங்க, இன்னும் காணோமே'ன்னாங்க."

"அப்புறம்?"

வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை நான். "அப்புறம் என் கையப் புடிச்சாங்க. 'வந்துட்டியா பெரியவளே'ன்னாங்க."

"உன்னப் பாத்தா?"

"என்னப் பாத்துதான்."

"நீ என்ன சொன்னே?"

"வந்துட்டேம்மான்னு சொன்னேன்."



"அப்ப நான் வந்துட்டேன்னு நெனச்சிக்கிட்டுத்தான் போனாங்க" என்றாள்.

"ஆமாக்கா."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.