உங்கட பக்கம் ஒரு பிள்ளை

2008 மே 11, ஞாயிறு
விடிந்ததில் இருந்து தூறல். ஞாயிறுதான், ஆனாலும் அம்மா அன்றைக்கே காசு தரும் கைக்காசுக் கொழுந்து எடுக்க மலையில். அப்பா தேயிலை பெக்டரியில். டிகிரி முடித்தவள் மட்டும் தோட்ட லயத்து வீட்டுக்குள் உட்கார்ந்து டயரி எழுதுகிறேன். மன்னிக்கணும், இதை வாசிப்பது யாராக இருந்தாலும்.
செவ்வாய் வேலை: ஹட்டன், என் வேலை நியமனம் பற்றி விசாரிக்க. மண்ணெண்ணெய். தங்கச்சி சுகந்தியின் சப்பாத்து தைக்க.

மே 13, செவ்வாய்
நியமனம் – அடுத்த கிழமை வரட்டுமாம். வழக்கம்போல். மண்ணெண்ணெய் மறந்து போனது.
கொமியூனிகேஷன் கடையில் இன்டர்நெட் அரை மணி நேரம். கெம்பஸ் பேட்ச் குரூப்பில் ஒரே கும்மாளம், யார் பெரிய ஏழை என்று. ஆரம்பித்தவள் வெள்ளவத்தை தர்ஷினி, என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள்.
"வேலைக்காரி ஊருக்குப் போயிட்டாள். நானே கோப்பை கழுவுறன். ஏழை எண்டால் நான்தான்."
குகன்: "ஐயோ பாவம், நிவாரணம் அனுப்பட்டோ?"
இன்னொருத்தன்: "தோட்டத்தில இருக்கிறவைதான் பணக்காரர். வீடு சும்மா, தண்ணி சும்மா, குளிரும் சும்மா."
எல்லோரும் சிரிப்புப் பொம்மை. பிறகு தர்ஷினி: "கலா, நுவரெலியா ராணி, எங்க ஒளிச்சு நிக்கிறீர்? வீட்டு வேலைக்கு உங்கட பக்கம் ஒரு பிள்ளை பாத்துத் தாருமன். உங்கட ஆக்கள் நம்பிக்கையானவை."
நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். வேறென்ன செய்ய.
தண்ணி சும்மாவாம். லயத்துக்கே ஒரு பீலி. வந்து வரிசையில் நிற்கட்டும்.

மே 14, புதன்
மழை. கூரை ரெண்டு இடத்தில் ஒழுகல்.
சாப்பிடும்போது தர்ஷினி கதையை அவள் மாதிரியே பேசிக் காட்டினேன். வீட்டில் கோபப்படுவார்கள் என்று நினைப்பு. சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தி:
"நல்ல வீடா?"
"அம்மா, நான் கேலிக்குச் சொன்னேன்."
"ஒன் கூட்டாளி வீடுன்னா பயமில்லயே. புரோக்கரு எங்க கொண்டுபோய் விடுவானோ."
அப்பா: "ஓ.எல். பரீட்சையில இவளுக்குக் கணக்கு போச்சு. இன்னும் எவ்வளவு நாளைக்கி ஒக்கார வைக்கிறது? ஒன்னைய படிக்க வச்சதுக்கே..." அதோடு நிறுத்தினார். முழுசாகச் சொல்லியிருக்கலாம்.
கணக்கு போச்சாம்! கணக்குப் படிப்பித்த சேர் மாற்றம் வாங்கிப் போனபின் அந்த ஸ்கூலுக்கு வேறு ஆளே வரவில்லை. நடக்காத பாடத்தில் பெயிலாக்க மட்டும் கொழும்பில் ஆள் இருக்கிறது. நான் கலைப்பிரிவு. கணக்கில் நானே தட்டுத்தடுமாறிப் பாஸ்.

மே 15, வியாழன்
பனி. துணி காயவில்லை. என் கெம்பஸ் பேக்கைக் கழுவி அம்மா அடுப்புக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார். சுகந்திக்காம்.
அவள்: "அக்கா, அந்த வீட்ல என்னைய என்னான்னு கூப்பிடுவாங்க?"
"பேரு சொல்லித்தான்."
"நீ அங்க வந்தா? நான்தானே ஒனக்குத் தேத்தண்ணி கொண்டாரணும்? சீனி தூக்கலாப் போடுறேன், பயப்படாத."
சிரிக்கிறாள், கழுதை. அறையலாம் போல. யாரை?

மே 17, சனி
"இன்னைக்கே எழுதிரு" – அம்மா, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும்போது.
ஹட்டனில் கடை கடையாக வெசாக் பண்டிகை வெளிச்சக்கூடு. குரூப்பில் புது விவாதம்: மழைக்கு கட்லட்டா, ரோல்ஸா. தர்ஷினி தனியாக எனக்கு:
"கிடைச்சுதோ? அம்மா ஒரே கேக்கிறா. சின்னப் பிள்ளை எண்டாலும் பரவாயில்லை, பழக்கலாம்."
பழக்கலாம். நாய்க்குட்டி.
அவளை ஏசி எழுதினேன், அழித்தேன். திரும்ப எழுதினேன், அழித்தேன். கடைக்காரன் எட்டி எட்டிப் பார்க்கிறான். கடைசியில் அனுப்பியது இது:
"தர்ஷினி, ஒரு பிள்ளை இருக்கிறாள். என் தங்கச்சி. நாங்கள் இருப்பது லயத்தில். அவள் கோப்பை கழுவ வரமாட்டாள். கணக்குப் பாடம் மட்டும் திரும்ப எழுதணும், இங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. உங்கள் ரோட்டில் வீட்டுக்கு வீடு டியூஷன். டிசம்பர் பரீட்சை வரைக்கும் அவள் உங்கள் வீட்டில் தங்கிப் படிக்க இடம் கொடுப்பாயா?"