பார்க்காமல் விட்ட இரத்தம்

12.08.2005, வெள்ளி
தம்பி ஹலீம் கொழும்பிலிருந்து திரும்பிவிட்டான். கட்டார் போக எடுத்த மெடிக்கலில் ‘அன்ஃபிட்’. இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி, ஈரலில் குடியிருக்கும் கிருமி. மூன்று மாதம் பப்பாசிப்பழம் தின்றுவிட்டு வா, போய்விடும் என்றானாம் ஏஜென்ட். பெரிய விஞ்ஞானி! கடல் உம்மாவையும் இவனுடைய கடையையும் ஒரே காலையில் கொண்டுபோய் எட்டு மாதம்கூட ஆகவில்லை. இப்போது வெளிநாடும் இல்லை.

14.08.2005
காத்தான்குடியில் எல்லோரும் வைத்தியர்கள். ஒருத்தி ஆட்டீரல் சமைத்து அனுப்புகிறாள், ஈரலுக்கு ஈரல் நல்லதாம். இன்னொருத்தி கீழ்க்காய்நெல்லிச் சாறு கொண்டுவந்து எனக்கு வகுப்பு எடுத்தாள். பத்தாம் ஆண்டில் என்னிடம் விஞ்ஞானத்துக்குப் பதினேழு புள்ளி வாங்கியவள்.

04.09.2005, ஞாயிறு
நேற்றுக் கலியாண வீடு. ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து அதே தட்டில் கை வைத்து உண்பதுதானே எங்கள் வழக்கம். ஹலீம் உட்கார்ந்த ஸஹனில் ஒருவருக்குப் போன் வந்ததாம், ஒருவருக்குத் தண்ணீர் வேண்டுமாம். கச்சி முகம்மது — தன் மகள் றுக்ஷானாவை இவனுக்குப் பேசி வைத்திருக்கும் பெரிய மனிதர் — வயிறு சரியில்லை என்று எழும்பிப்போய் அடுத்த ஸஹனில் வயிறு முட்டத் தின்றிருக்கிறார். ஆறு பேரின் சோற்றுக்கு முன்னால் என் தம்பி தனியாக இருந்தான்.

சோற்றில் பரவாது இது. இரத்தத்தில் பரவும், பிரசவத்தில் பரவும். யாருக்குச் சொல்ல? வாசித்துத் தெரிந்துகொள்ள ஒருவருக்கும் நேரமில்லை, பயப்பட மட்டும் நேரம் இருக்கிறது. மடையர்கள்.

06.09.2005
றுக்ஷானா வீட்டிலிருந்து ஆள் வந்தது. கலியாணம் இல்லை.

20.02.2006, திங்கள்
ஹலீமை டவுனுக்கு, புளியந்தீவுக்குக் கூட்டிப்போய் டொக்டர் விஜிதரனிடம் காட்டினேன். சலூன் பிளேட்டில்தான் தொற்றியிருக்கும் என்று நான் சொல்ல, அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“வளர்ந்த ஆளுக்கு வந்தா அநேகமா உடம்பே துரத்திப்போடும், டீச்சர். இப்பிடி நிக்குதெண்டா, பிறக்கக்குள்ள தாயிட்ட இருந்து வந்ததாத்தான் இருக்கும்.”

பிறந்த குழந்தையின் இரத்தத்தில் காவல் நிற்கும் வெண்குழியங்களுக்குக் கிருமியை அந்நியமாகப் பார்க்கத் தெரியாதாம். பிறகு தெரிந்தாலும், ஓயாமல் அதையே எதிர்த்துக் களைத்துப்போகுமாம். அவை சும்மா நிற்கும்வரை ஈரலுக்குப் பெரிய பாதிப்பில்லை. என்றாவது விழித்துத் தாக்கினால், கிருமி இருக்கும் ஈரல் கலங்களைத்தான் தாக்கும். ஈரலைக் கெடுப்பது நம்முடைய படைதான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவனைக் கொண்டுவரச் சொன்னார்.

உம்மா மௌத், கடலோடு போய்விட்டா என்றேன். அப்படியானால் கூடப்பிறந்த நான் இரத்தம் பார்க்க வேண்டுமாம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு இவர் சொல்லித் தருகிறார்!

14.03.2007
வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து யுத்தத்துக்குப் பயந்து சனம் வந்துகொண்டே இருக்கிறது. செல் குண்டுச் சத்தம். வகுப்பில் நிர்ப்பீடனம், உடம்பின் எதிர்ப்புச் சக்தி, படிப்பித்தேன். களைத்த வெண்குழியம் சாவதில்லை, வேலை செய்யாமல் நிற்கும் என்றேன். ஒரு பிள்ளையும் ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்கள்.

ஹலீமை இன்னும் கொண்டுபோகவில்லை. பாதை சரியில்லை.

02.11.2008, ஞாயிறு
வயிற்றில் பிள்ளை, மூன்றாம் மாதம். கலியாணம் முடித்துப் பதினோரு வருடத்துக்குப் பிறகு. என் கணவர் கபூர் நடக்கும்போதே சிரிக்கிறார்.

ஹலீம் வந்தான். இனிப்பைக் கையில் எடுத்துவிட்டு, வாயில் வைக்காமல் கேட்டான்.

“ராத்தா, நீங்க ரத்தம் பாத்திட்டீங்களா?”

உன் வேலையைப் பார் என்று சீறினேன். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டான்.

ஏன் பார்க்கவில்லை? உம்மாவின் மேல் பழி வரும் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். ஆசிரியர் அறையில் என் கோப்பையை ஒதுக்கி வைப்பார்கள் என்ற பயம். பாதை திறந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. டொக்டர் என் இரத்தத்தைக் கேட்பார் என்றுதான் ஹலீமையும் கூட்டிப்போகவில்லை.

12.01.2009, திங்கள்
இங்கு இரத்தம் பார்க்கும் லாப்பில் என் பழைய மாணவிகள். அதனால் முகத்தை மூடிக்கொண்டு புளியந்தீவுக்குப் போனேன். ஊரையெல்லாம் மடையர் என்று எழுதிய டீச்சர்!

இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

13.01.2009
கபூரிடம் சொன்னேன். “புள்ளைக்கு வராமப் பாக்க ஏலுமா?” என்று மட்டும் கேட்டார். ஏலும் என்றேன். பிறந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் இரண்டு ஊசி. ஒன்று கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். “அப்ப எடுப்பம்” என்றார்.

19.05.2009, செவ்வாய்
அதிகாலை பெண்பிள்ளை. வெளியே பட்டாசு, யுத்தம் முடிந்துவிட்டதாம். ஹலீம் ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் சுமந்துகொண்டு வந்தான். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறக்க வைத்திருக்கிறார்கள். ஏழாவது மணித்தியாலத்தில் இரண்டு தொடையிலும் ஊசி ஏறியது. பிள்ளை கத்தியது. நானும் அழுதேன்.

02.06.2010, புதன்
பிள்ளைக்குக் கிருமி இல்லை. எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது. அவளுடைய வெண்குழியங்கள் வேலை செய்கின்றன.

அதே நாளில் ஹலீமின் ரிப்போட்டும் வந்தது. அவனுடையவை எப்போதோ விழித்துவிட்டன. ஈரலில் வடு விழுந்திருக்கிறது, இனி வாழ்நாள் முழுக்கக் குளிசை விழுங்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் தடுத்திருக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏன் கொண்டுவரவில்லை என்று டொக்டர் விஜிதரன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் ஹலீம் சொன்னான். “ராத்தா கூப்பிட்டவதான், டொக்டர். நான்தான் வரமாட்டன் எண்டு நிண்ட.”

அந்த வருடங்களில் அவனை ஒருமுறைகூடக் கூப்பிடாத நான், ரிப்போட்டை மடித்துப் பையில் வைத்தேன்.