கல்லுக்கிடங்கில் குளவிக்கூடு

தெல்லிப்பழை,
06.06.2025.

நோர்வே தேசத்தில் இருந்துகொண்டு, செத்துப்போன பூச்சிகளின் வீட்டு விலாசங்களைத் தேடித் திரியும் என் அருமை மருமகள் சாருஜாவுக்கு, வலிகாமம் வடக்கின் கடைசிச் சக்கரவர்த்தியும், சீமெந்துத் தொழிற்சாலைப் பரிசோதனைக்கூடத்தை இரண்டு வருடம் கட்டியாண்டவனும், உன் தாயின் ஒரே தம்பியுமாகிய சண்முகநாதன் மாமா எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதைப் பின்னால் எழுதுகிறேன்.

இந்த வருட வெயிலுக்கு முருங்கைக்காய் மரத்திலேயே அவிந்து தொங்குகிறது. உப்பும் புளியும் மட்டும் கொண்டுபோனால் மரத்தடியிலேயே கறி. பக்கத்துக் காணிச் சுபாஸின் மாடு காலையில் பாலும் மத்தியானத்தில் தயிரும் தருகிறது. இதைச் சுபாஸே நம்பிவிட்டான். நம்பாதவள் நீ ஒருத்திதான். சின்னப் பிள்ளையாய் எங்கள் வீட்டில் வளர்ந்த நாளிலிருந்து, நான் எதைச் சொன்னாலும், "உதிலை எத்தினை வீதம் உண்மை, மாமா?" என்றுதான் கேட்பாய். அதனால்தான் தொலைபேசியில் சொல்லாமல் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ சிரிப்பாய். நான் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவேன். இனி இந்தக் கடிதத்தில் வருவதெல்லாம் நூறு வீதம்.

உன் கட்டுரையைச் சந்திக் கடை றஜிந்தன் அச்செடுத்து, வரிவரியாய்த் தமிழில் சொன்னான். எங்கள் காணியின் பின்பக்கத்துக் கல்லுக்கிடங்கில், சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே கிடக்கிற பழைய செம்மண்ணில், ஒரு லட்சம் வருடத்துக்கு முந்திய குளவிகள் குஞ்சு பொரித்த அறைகள் இருக்கின்றனவாம். குளவி இல்லை, அதன் எலும்பும் இல்லை. அது இருந்த வீடு மட்டும் கல்லாய்ப்போய் இருக்கிறதாம். அந்த வகைக் கூட்டுக்கு, லத்தீன் வால் ஒன்று ஒட்டி, உன் மாமியின் பெயரை வைத்திருக்கிறாய். பாலேஸ்வரி இனி உலகம் உள்ளவரை புத்தகங்களில் இருப்பாள் என்று சொல்லி றஜிந்தன் எழும்பி என் கையைக் குலுக்கினான். நான் அச்சுக்காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

பிள்ளை, அவற்றைச் செய்தவன் நான்.

போன ஆடியில் நீ வந்து மூன்று கிழமை கிடங்குச் சுவரைத் தூரிகையால் தடவிக்கொண்டு நின்றாய். வேர் போன துவாரமும் நேற்றைய எறும்புப் புற்றும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பின்னேரம் கைகூடக் கழுவாமல் வந்து குந்தியிருந்து சொன்னாய்: "மாமா, இஞ்சை ஒண்டுமில்லை. ரிக்கற்றை மாத்திப்போட்டு வெள்ளிக்கிழமை வெளிக்கிடப்போறன்."

ஆஸ்பத்திரியில் கிடந்த மாமிக்கு வயிற்றில் புண் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அது புற்றுநோய். ஒரு மாதம் தாங்கினால் பெரிய காரியம் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். உனக்குச் சொல்லக்கூடாது என்று அவள் என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். நாங்கள் இப்படித்தான், ஒருவருக்கொருவர் வருத்தத்தை மறைப்பதைப் பெரிய அன்பு என்று நினைக்கிறவர்கள். உண்மையைச் சொல்லி உன்னை நிறுத்த முடியாதபடியால் பொய்யைச் செய்து நிறுத்தினேன்.

அடுத்த இரண்டு நாளும் நீ காங்கேசன்துறைக் கடற்கரைப் பாறைகளைப் பார்க்கப் போனாய். எனக்கு அது போதும். நீ தேடுவது எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு நாளும் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் வகுப்பு எடுத்திருந்தாய்: கச்சான் கடலைக் கோதளவு, உள்பக்கம் வழுவழுப்பு, வெளிப்பக்கம் சொரசொரப்பு. வீட்டு வளைமரத்திலும் குசினிக் கூரையிலும் இருந்த குளவிக்கூடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் முழுதாய் வந்த ஒரு அறையைப் பிரித்தெடுத்தேன். கிடங்கின் அதே செம்மண்ணைச் சுண்ணாம்புத் தண்ணீரில் குழைத்துப் பூசி, சுடுசாம்பலில் புதைத்துக் காயவைத்தேன். பிறகு கிடங்குச் சுவரில் துளை போட்டுப் பதித்து, வாயைப் பூசி, புழுதி ஊதிவிட்டேன். உலகத்தில் பொய்க்கல் செய்ய என்னை விட்டால் ஆளில்லை என்று அன்று எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தக் கூடுகளை மாமி ஒருநாளும் உடைக்க விட்டதில்லை. உனக்குத் தெரியும். குளவி கூடு கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று யாரோ அவளுக்குச் சொன்னதிலிருந்து, அகதி முகாம் கொட்டிலிலும் சரி, திரும்பி வந்து கட்டிய இந்த வீட்டிலும் சரி, ஒட்டடை அடிக்கும்போது கூட்டைச் சுற்றித்தான் அடிப்பாள். பிள்ளை பெறும் வயது போன பிறகும் அடித்தாள்.

நீ கூட்டைக் கண்டாய். சந்தோசத்தில் குளறிக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். ரிக்கற்றைத் தள்ளிவைத்தாய். மாமியின் கட்டிலடியில் இருப்பாய் என்றல்லவா நான் உன்னை நிறுத்தினேன்? நீ விடியற்காலையில் கிடங்குக்குள் இறங்கினால் இருட்டத்தான் ஏறினாய். ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் பத்து நிமிடம், அதிலும் படம் காட்டுவாய். அவள் ஒவ்வொரு பின்னேரமும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். பக்கத்துக் கட்டில் லூர்த்தம்மா, பிள்ளை இண்டைக்கும் வரேல்லையோ என்று கேட்டால், அது பெரிய ஆராய்ச்சியெல்லோ என்று இவள் விட்டுக்கொடாமல் சொல்லுவாள்.

ஒருநாள் அவளைச் சிரிக்கவைப்பதாய் நினைத்து முழுக் கதையையும் சொன்னேன். நான் ஒரு பகிடிக்காரன் அல்லவா? அவள் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினை கூடு உடைச்சனீங்கள்?"

பதினொரு கூடு, பதினொரு அறை எண்டன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் கொடுத்த தண்ணீரை லூர்த்தம்மாவின் கையால்தான் வாங்கிக் குடித்தாள். மூன்றாம் நாள் விடிய, சுவரைப் பார்த்தபடியே, "பிள்ளைக்குச் சொல்லிப்போடுங்கோ" என்றாள். நாளைக்கு எண்டன். அன்று மத்தியானம் முடிந்துவிட்டது.

நீ ஓட்டோவில் வந்து இறங்கி அவளின் காலைப் பிடித்தாய். வெள்ளை விரிப்பில் உன் பத்து விரலும் செம்மண்ணாய்ப் பதிந்தன. என்னைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதுக்குள் கிடக்கிறது: "அந்தக் கூடு அம்பிட்டிராட்டி நான் போயிருப்பன், மாமா. மாமியைக் கண்டிருக்க மாட்டன்." ஓம் பிள்ளை எண்டன். அதற்குப் பிறகு பத்து மாதம் ஓம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மாதிரிகளைக் கொண்டுபோகக் கொழும்பிலிருந்து அனுமதி கிடைத்துவிட்டது, ஆவணியில் பேராசிரியரோடு வருகிறேன், ஆய்வுக்கூடத்தில் மெல்லியதாய் அறுத்துப் பார்க்கப்போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அறுத்தால் என் சுண்ணாம்பு முதல் வெட்டிலேயே பல்லை இளிக்கும். அதற்கு முன் நீயே கட்டுரையைத் திருப்பி எடு. நீயாக எடுத்தால் ஏமாந்தவள் என்பார்கள். அவர்கள் கண்டுபிடித்தால் ஏமாற்றியவள் என்பார்கள். உன் வேலை, பட்டம், பெயர் எல்லாவற்றையும் நான் ஒரு கரண்டி சுண்ணாம்பில் குழைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை அப்படியே கொடு. கையெழுத்து என்னுடையது.

இன்னுமொன்று. எழுதாமல் விடலாம் என்றுதான் மூன்று நாள் பார்த்தேன்.

மாதிரிக் கட்டிகளில் குறி வைக்கிற தொழிற்சாலைப் பழக்கத்தில், செய்து முடித்த ஒவ்வொரு கூட்டின் அடியிலும் ஈரத்தோடு பெருவிரல் நகத்தால் ஒரு கீறல் வைத்தேன். உன் படங்களை றஜிந்தனின் கணினியில் பெருப்பித்துப் பார்த்தேன். பதினொன்றிலும் என் நகம் இருக்கிறது. உன் கட்டுரையில் பன்னிரண்டு கூடுகள் இருக்கின்றன. மாமியின் பெயருக்கு ஆதாரமாய் நீ தெரிந்தெடுத்த ஒன்று, எல்லாவற்றுக்கும் கீழே, கல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது எனக்குக் கை எட்டாத ஆழம். அதில் கீறல் இல்லை. அதை நான் வைக்கவில்லை.

நீ உண்மையாகவே கண்டுபிடித்திருக்கிறாய், சாருஜா. ஆனால் என் பதினொன்றோடு சேர்ந்து கிடந்ததை இனி யார் நம்புவார்கள்? உன் பேராசிரியரின் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

மாமியின் திவசம் ஆவணியில் வருகிறது. வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. என்னோடு கதைக்காமல் விட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்த வீட்டில் அது எனக்குப் புதிதல்ல. என் மாமன் பொய்க்காரன் என்று உலகத்துக்கெல்லாம் சொல். சாட்சிக்கு ஊரே வரும். அந்த ஒரு கூட்டைப் பற்றி நான் எழுதியதை மட்டும், உலகத்தில் நீ ஒருத்தி நம்பு. எத்தினை வீதம் என்று கேளாதே.

குளிர் தேசம், காதைப் பொத்திக்கொண்டு திரி. நீ நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சண்முகநாதன் மாமா.