ஒன்பதாம் எண்ணுக்குக் கருணை மதிப்பெண்

பிப்ரவரி 3, செவ்வாய்

பன்னிரண்டு மணிகள் வீட்டுக்குக் குடிவந்து இரண்டு நாளாகிறது. மகள் செய்தவை. ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டி அளவு. முகத்தில் நேரம், வயிற்றில் காசு போல ஒரு பேட்டரி, முதுகில் சிறு பொத்தான். கம்பி கிடையாது. அறைக்கு ஒன்றாக மாட்டினால், தேர்வு மணி எல்லா அறையிலும் ஒரே நொடியில் அடிக்க வேண்டும். நான் ஓய்வு பெற்ற பள்ளியில் இருபதாம் தேதி செய்து காட்டப் போகிறாள். சரியாக அடித்தால் தலைமையாசிரியை வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டால், வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடமாக இதிலேயே கிடந்தவள், பழைய அலுவலகத்துக்கே போய் நிற்க வேண்டும். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வெயில், ஆவி, குளிர் எல்லாம் தாங்குமா என்று பார்க்க பால்கனி, குளியலறை, சமையலறை என்று பரப்பி வைத்திருக்கிறாள். ஒன்பதாம் எண் ஃபிரிட்ஜுக்குள். மணிக்கொரு முறை எல்லாம் அடிக்கின்றன. “இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?” என்று என் மனைவி கேட்டுவிட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

மகளிடம் பாடம் கேட்டேன்.

“ரேடியோ முழிச்சே இருந்தா பேட்டரி ஒரு வாரம்கூடத் தாங்காதுப்பா. அதான் நாள் முழுக்கத் தூங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் கண்ணு முழிக்கும். ஒண்ணாம் நம்பர் நேரம் சொல்லும். கேட்டுட்டு மறுபடி படுத்துக்கும்.”

அதாவது, ஒன்றாம் எண் வகுப்புத் தலைவன். ஆறு மணிக்கு வருகைப் பதிவு. மற்ற நேரமெல்லாம் உறக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடை நடத்தியவனுக்கு இது புதிதா?

பிப்ரவரி 7, சனி

காலை பத்து மணிக்கு மற்றவை அடித்து ஓய்ந்தபின் ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து தனியாக ஒரு குரல். திறந்து பார்த்தேன். பக்கத்து அலமாரியிலிருக்கும் எட்டாம் எண்ணைவிட இரண்டு நொடி பின்தங்கல். பாவம், குளிரில் விறைத்த பிள்ளை. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் ஒரு நொடி முன்னேறும். நான்கு முறை அழுத்தினேன். இரண்டு, அது இழந்தது. இரண்டு, கருணை மதிப்பெண்.

மகளிடம் சொல்லவில்லை. பிள்ளை பின்தங்கினால் உடனே பெற்றவளிடம் ஓடுவது என் வழக்கமில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஒன்பதுக்கு இன்று ஆறு அழுத்து. மந்தம்தான். ஆனால் முயற்சி இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

ஒன்பதின் பேட்டரி செத்துவிட்டது. மகள் இரண்டாம் முறையாக அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“ஆறு மணிக்குச் சரியா முழிக்க மாட்டேங்குதுப்பா. ஒண்ணாம் நம்பர் சொல்றதைத் தவறவிட்டுடுது. அப்புறம் எப்போ சொல்லுமோன்னு முழிச்சுக்கிட்டே காத்துக் கிடக்குது. பேட்டரி காலி. மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு. இது மட்டும் ஏன்?”

மதியம் அவள் சாப்பிடவில்லை. எட்டு நாள்தான் பாக்கி. நாளை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட வேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் விசாரணை.

“தினமும் பத்து மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? ஸ்வீட் பாக்ஸ்ல எத்தனை எடுத்தீங்க?” என்றாள் மனைவி.

எனக்குச் சர்க்கரை வியாதி. உண்மையைச் சொன்னால், தான் செய்த மணி மட்டம் என்று நான் நினைப்பதாக மகள் வருந்துவாள். “ரெண்டு” என்றேன்.

“ரெண்டா? அஞ்சு குறையுது.”

நான் ஒன்றுகூடத் தொடவில்லை. மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 14, சனி

இன்றும் அழுத்திவிட்டு வந்து, சும்மா இருக்காமல் கேட்டேன்: தினமும் பின்தங்கும் மணியை என்ன செய்வாய்?

“நான் ஒண்ணும் செய்ய வேணாம்ப்பா. ஆறு மணிக்குத் தன் நேரத்தையும் ஒண்ணாம் நம்பர் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ‘நான் இவ்ளோ மெதுவா ஓடுறேன்’னு கத்துக்கும். மறுநாள் தானே வேகத்தைக் கூட்டிக்கும்.”

அதை யாரோ முன்னால் தள்ளிவிட்டால்?

“யாரு தள்ளப் போறா? தள்ளினா, ‘நான் ரொம்ப வேகம் போல’ன்னு நெனச்சு இன்னும் மெதுவாயிடும்.”

ஐயோ. நானா? நான்தான். தன் தப்பைத் தானே கண்டுபிடிக்க இருந்த பிள்ளைக்கு விடையை எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து — இப்போ என்னத்தைச் சொல்ல, எப்படிச் சொல்ல?

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

“எத்தனை நாளாப்பா?”

“எட்டு.”

“ரெண்டு தடவை அதைப் பிரிச்சேன்ப்பா.” கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு மணிக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினாள்: ‘அப்பா தொடக் கூடாது.’

“நல்ல காரியம் பண்ணினே” என்று மனைவி மெச்சிக்கொண்டாள்.

மகள் என் காதருகே வந்து, “அந்த அஞ்சும் நான்தான். அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க” என்றாள். அப்பாடா, பேசிவிட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று ஒன்பதாம் எண் ஏழு நொடி தாமதம். பத்து மணிக்கு என் கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரு நொடி. தானாக.

பிப்ரவரி 18, புதன்

மணிகளைப் பள்ளியில் மாட்டியாயிற்று. இடம் மாறினால், சூடு மாறினால், மறுபடி ஓரிரு நாள் பழக வேண்டுமாம். புதுப் பள்ளியில் சேர்த்த பிள்ளை. என்னைக் கூட்டிப்போகவில்லை. நியாயம்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று கூட்டிப்போனாள், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒன்பது, மாடியில் கடைசி அறையில். தலைமையாசிரியையும் நானும் படிக்கட்டின் கீழே நின்றோம். பத்து மணி. மணி அடித்தது.

அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மகள் காதில் விழக் கூடாதென்று மெதுவாகக் கேட்டார்: “ஒண்ணுதானே சார் அடிச்சுது? மத்த பதினொண்ணுக்கும் என்னாச்சு?”

நான் வாய் திறப்பதற்குள் மேலும் கீழுமாகப் பன்னிரண்டு வகுப்புக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன.

மார்ச் 12, வியாழன்

மகளின் மணிகளுக்கான புதுப் பெட்டிகள் நாற்பது வந்திறங்கின. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் பொத்தான் இல்லை.