அனுமதிப் பிரதியில் இல்லாத தாய்

புதுப் பசை மணக்கிற புத்தகம் மேசையில் கிடக்கிறது. உமது நாடகம்தான் நண்பரே, போர் வேண்டாமென்று நீர் எழுதியது, இப்போது ஆபிரிக்கான்ஸ் மொழியில். ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் பழக்கப்படி காட்சிகளை எண்ணினேன். ஆறு. நீர் எழுதியது ஏழு.

போன கிழமை கிளிநொச்சியில் இதற்கொரு விழா வைத்தார்கள். உமது நாடகத்தை ஒருநாளும் பார்த்திராத நால்வர் மாலையோடு மேடையில் இருந்தார்கள். "ஆபிரிக்கப் பழங்குடிகளின் ஆதிமொழியிலே!" என்று ஒருவர் முழங்கினார். அது அங்கே குடியேறிய ஒல்லாந்தரின் பேச்சிலிருந்து வந்தது என்று திருத்த எனக்கு வாய் வரவில்லை. "எவருக்கும் அஞ்சாத எழுத்து" என்றார் தலைவர், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி. அற்பர்கள் என்று நினைத்துக்கொண்டே முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். அந்த மண்டபத்தில் பெரிய அற்பன் யாரென்று உமக்குத் தெரியும்.

போர் நடந்த அந்நாளில் நாடகம் போடுவதென்றால் ஊரை ஆண்டவர்களிடம் பிரதியைக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். உமது கிறுக்கலை இன்னொரு கொப்பியில் நல்லெழுத்தில் எழுதுவது என் வேலை. ஏழாம் காட்சியில், மகனுக்குச் சீருடை கொண்டு வருபவர்களைத் தாய் வாசல் படலையில் மறிக்கிறாள். எந்தப் பக்கத்துச் சீருடை என்று நீர் எழுதவில்லை. எனக்கு நடுங்க அதுவே போதும். ஒருவரும் கேட்காமலே அந்தக் காட்சியை விட்டுவிட்டு எழுதினேன். அனுமதி கிடைத்தது. பரந்தன் தேத்தண்ணிக் கடையில் விசயத்தைச் சொன்னபோது சிரித்தீர்.

"காட்டிறதுக்கு உம்மட கொப்பி, போடுறதுக்கு என்ர கொப்பி. பயந்தாங்கொள்ளியளாலயும் பிரயோசனம் இருக்குக் காணும்!"

கண்டாவளையில் ஏழு காட்சியும் போட்டீர். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன் நான். தாயாக நடித்தவர் படலையில் வசனம் மறந்து நின்றார். அந்த வரியை ஒருவாறு முணுமுணுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அவர் ஊருக்கே கேட்கக் கத்தினார்.

"மெல்லமாச் சொன்னாலும் முதல் சொன்னது நீர்தான்" என்றீர் பிறகு. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள இன்றும் கூச்சம்.

இடப்பெயர்வில் உமது கொப்பி போயிற்று. பின்னர் நீரும் உலகை விட்டுப் போனீர். தப்பியது என் கொப்பி. கனடாவிலிருந்து உமது மகள் ஆங்கிலத்தில் ஆக்கக் கேட்டபோது, அதையே முழு நாடகம் என்று கொடுத்தேன். அந்த ஆங்கிலத்திலிருந்துதான் இந்தப் புத்தகம் பிறந்தது.

நேற்று உமது மகள் தொலைபேசி எடுத்தாள்.

"மாமா, ஆபிரிக்கான்ஸுக்கு மொழிபெயர்த்தவா ஒண்டு கேக்கிறா. முதல் காட்சியில வாற தாய் பிறகு எங்க போனவ எண்டு."

மாலை போட்ட நால்வருக்கும் தோன்றாத கேள்வி. வன்னியைக் கண்டிராத ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஏழாம் காட்சி ஒண்டு இருக்குப் பிள்ளை. நான்தான் மறைச்சனான்."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்கோ, எழுதுறன்" என்றாள்.

"என்ர பிள்ளைக்குச் சட்டை தைக்க எனக்குத் தெரியும். ஒருத்தரும் உடுப்புக் கொண்டு வரவேண்டாம்." தாயின் வசனத்தை முணுமுணுத்தேன்.

"கேக்கேல்லை மாமா. பலமாச் சொல்லுங்கோ."

பலமாகச் சொன்னேன். அடுத்த வசனமும் நினைவில் இருந்தது, அதற்கு அடுத்ததும்.